தானாக இருளும் கண்ணாடி

1986 ஆகஸ்ட் கடைசியில், ஸ்வீடன் நாட்டுக் கப்பல் ஒன்றின் இன்ஜினீயர், ஊருக்குக் கிளம்பும் நாளன்று முகத்தில் மாட்டும் தன்னுடைய வெல்டிங் ஷீல்டை என் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் அதை ஒரு கோணிப்பையில் சுற்றி, மழை படாமல் நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். குடை இருந்தும் விரிக்க ஒரு கை மிச்சமில்லை. தலையெல்லாம் சொட்டச் சொட்ட, பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "தமயந்தி, கையைத் தொடச்சுக்கிட்டு வா" என்றார்.

அவர் பெயர் பன்னீர்செல்வம். சிதம்பரத்துப் பக்கத்துக்காரர். 67-ல் மாமா ஒருவரைப் பிடித்துக் கல்கத்தா வந்தவர். கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டிக் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு தனியார் பட்டறையில் வெல்டர். பட்டறையில் எல்லாரும் வங்காளிகளும் பக்கத்து மெட்டியாபுருஸ் முஸ்லிம்களும்தான். அவர்கள் வாயில் இவர் பெயர் 'பொனிர்தா' ஆகிவிட்டது. வங்காளியில் பொனிர் என்றால் பனீர்க்கட்டி, தா என்றால் அண்ணன். இவருக்கு அதில் கோபமே வந்ததில்லை.

நான் கல்கத்தாவிலேயே பிறந்தவள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தார். அலிப்பூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் நான் டைப்பிஸ்ட். கிதிர்பூரில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை எங்கள் வீடு. பதிமூன்று வயதில் ஒரே மகள், ஜானகி. அவளுக்குத் தமிழைவிட வங்காளிதான் சுலபமாக வரும்.

கோணிப்பைக்குள் கறுப்பாக, முட்டை ஓடுபோல மெல்லிசாக ஒரு ஷீல்டு இருந்தது. அவர் பட்டறையில் போடும் பழைய ஷீல்டை நான் துடைத்துவைத்திருக்கிறேன். அது தகரமும் அட்டையுமாக ஒரு படி அரிசி கனம் கனக்கும். இதை ஜானகி ஒரு விரலில் மாட்டித் தூக்கிவிட்டாள். கண்ணுக்கு நேரே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி. ஆனால் அது கறுப்பாக இல்லை. இளநுங்கை வெயிலில் பிடித்தால் தெரியுமே, அப்படி லேசான பச்சையாக இருந்தது. அதன் வழியாக எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணிகூடத் தெரிந்தது.

"இதுல எப்படீங்க வெல்டிங் பாப்பீங்க? கண்ணு போயிடாதா?" என்றேன்.

"இது முதல்ல இப்படித்தான் தெளிவா இருக்கும். பொறி விழுந்ததும் தானா இருண்டுடும். நிறுத்தினதும் தானா வெளுத்துடும்."

"எவ்வளவு நேரத்துல?"

"அதை அவர் சொல்லலே. விரலைச் சொடுக்கிக் காட்டினாரு. அப்புறம், இது சொடுக்கறதைவிட வேகம்னு தலையாட்டினாரு."

அந்த இன்ஜினீயருக்கு இங்கிலீஷ் கொஞ்சம். இவருக்கு அதைவிடக் கொஞ்சம். பதினோரு நாள் கப்பலின் அடித்தட்டில் ஒன்றாகக் குழாய் வேலை பார்த்திருக்கிறார்கள். அதில்தான் அவர் என் கணவரின் கழுத்தைக் கவனித்திருக்கிறார்.

கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஷீல்டின் கறுப்புக் கண்ணாடியில் நெருப்பைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் வெல்டர்கள் ஷீல்டை நெற்றிக்கு மேலே ஏற்றிவைத்துக்கொண்டு, ராடை, அதாவது உருகி ஒட்டும் கம்பியை, இடம் பார்த்து நிறுத்துவார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும். கழுத்தை முன்னால் ஒரு வெட்டு வெட்டினால் ஷீல்டு முகத்தில் விழும். பிறகு கும்மிருட்டில், கை ஞாபகத்தில், பொறி தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு முறை, முந்நூறு முறை அந்த வெட்டு. பத்தொன்பது வருஷம். அந்த வருஷம் கோடையில் அவரால் வலது பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கடியில் கொடுத்துத்தான் படுத்தார். டாக்டர் கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார். பட்டறையின் ஃபோர்மன் ஹால்தார் பாபு நல்ல மனுஷர், "பொனிர், நீ ஸ்டோர்ல உட்காந்துக்கோ. நட்டு போல்ட்டு எண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டார். துர்கா பூஜைக்குப் பிறகு மாற்றலாம் என்று பேச்சு.

அதை என்னிடம் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. "நட்டு எண்றதுக்கா நான் வந்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

அதனால் அந்த மழை நாளில் அந்தக் கறுப்பு ஷீல்டை எங்கள் கட்டிலில் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்று பேருமாக அதை அவர் தலைக்குப் பொருத்தினோம். உள்ளே உச்சந்தலைக்கு ஒரு பட்டை, நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. பின்மண்டையில் ஒரு திருகு. அதைத் திருகினால் சுற்றுப்பட்டை இறுகும். அந்த ஸ்வீடன்காரருக்குப் பெரிய தலைபோல. எங்களவருக்கு அது கழுத்துவரை இறங்கிவிட்டது. நான் உச்சிப்பட்டையை இரண்டு துளை உள்ளே தள்ளி மாட்டினேன். ஜானகி பின்னால் ஏறி நின்று திருகைத் திருகினாள்.

"ஆஸ்தே, ஆஸ்தே! மெதுவா! மண்டையைப் பிழிஞ்சுடாதே!"

"பாபா, ஆடாம இருங்க" என்றாள். அவளுக்கு அப்பா என்றால் பாபா.

காதுக்கு மேலே இரண்டு பக்கமும் மூன்று மூன்று துளைகள் இருந்தன. கண்ணாடி கண்ணுக்குப் பக்கமாக வர வேண்டுமா தள்ளிப் போக வேண்டுமா என்பதற்கு அவை. முதல் துளையில் மூக்கு இடித்தது. மூன்றாவதில் கண்ணாடி ஜன்னல்போல எங்கோ இருந்தது. நடுத்துளை சரியாக வந்தது, ஆனால் ஒரு பக்கம் நடுவிலும் மறுபக்கம் மூன்றாவதிலுமாக மாட்டிவிட்டதால் கொஞ்ச நேரம் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காக்கை மாதிரி பார்த்தார். ஷீல்டு எவ்வளவு தாழ்ந்து விழவேண்டும் என்பதற்கு இன்னொரு சின்னத் திருகு. அது நெஞ்சில் இடிக்காமலும், தாடைக்கடியில் வெளிச்சம் நுழையாமலும் நிற்கும் இடம் கண்டுபிடிக்க அரைமணி ஆயிற்று. கண்ணாடிக்குள் கருமையைக் கூட்டிக் குறைக்க ஒன்று இருந்தது. அதைப் பட்டறையில் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டார்.

ஷீல்டோடு ஒரு மடிப்புத் தாளும் வந்திருந்தது. நாலு பாஷை. கடைசிப் பக்கம் இங்கிலீஷ். "நீ படிச்சுச் சொல்லேன்" என்றார். நான் படத்தை மட்டும் பார்த்தேன். நாள் முழுக்க மற்றவர்கள் வழக்கை டைப் அடிக்கிறவளுக்கு வீட்டில் இன்னொரு தாளைப் படிக்கப் பொறுமை இருக்காது. திருகும் பட்டையும் படத்தில் இருந்தபடிதானே மாட்டினோம், போதும் என்று தாளை மடித்து அலமாரியில் போட்டேன். அந்தச் சோம்பலைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து வருந்தியிருக்கிறேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஜன்னலில் வெயில் வந்ததும் ஜானகி ஷீல்டைத் தூக்கி வெயிலுக்கு நேரே காட்டினாள். பச்சைக் கண்ணாடி சட்டென்று கறுத்துப் போனது. அவள் கத்தினாள்: "பாபா, கூமியே பொட்லோ!" தூங்கிப்போச்சாம். நிழலுக்குக் கொண்டுவந்ததும் விழித்துக்கொண்டது. இருபது தடவையாவது தூங்கவைத்து எழுப்பியிருப்போம். நான் அன்று ஆபீசுக்குத் தாமதம்.

பட்டறையில் முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லையாம். அவருடைய ஜோடி வெல்டர் இஸ்மாயில் பாய், "சீமைச் சரக்கு, ஒரு நாள் கண்ணைப் பிடுங்கிடும், பாத்துக்கோ" என்றாராம். இவருக்குமே நம்பிக்கை வர ஒரு வாரம் ஆயிற்று. முதல் சில நாள் கண்ணாடி தெளிவாக இருந்தும், பொறி தட்டும் நேரத்தில் இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாராம். "என்ன பண்ண, கண்ணு கேக்க மாட்டேங்குது" என்பார். ஒரு நாள் துணிந்து திறந்தே வைத்திருந்தார். அன்று சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "ராடு இரும்பைத் தொடற இடத்தை இன்னைக்குத்தான் பாத்தேன், தமயந்தி. இத்தனை வருஷமா அந்த இடத்தை நான் பாத்ததே இல்ல."

மூன்று வாரத்தில் கழுத்து திரும்ப ஆரம்பித்தது. ஹால்தார் பாபு ஸ்டோர் பேச்சை எடுக்கவில்லை.

செப்டம்பர் பதினேழு விஸ்வகர்மா பூஜை. அன்று கல்கத்தாவில் எந்த மிஷினும் ஓடாது. பட்டறைகளில் யானைமேல் உட்கார்ந்த விஸ்வகர்மாவை வைத்துப் பூஜை. மேலே பார்த்தால் வானம் முழுக்கப் பட்டம். பட்டறைப் பூஜையில் நாலு பேர் கை பட்டுக் கீறிவிடுமென்று, அவர் புது ஷீல்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் சும்மா இருப்பேனா? எங்கள் டைப்ரைட்டருக்கே ஆயுதபூஜையில் பொட்டு வைக்கிறவள். குளித்து, சந்தனம் அரைத்து, ஷீல்டை மணைப்பலகையில் வைத்தேன். கண்ணாடிக்கு மேலே, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வட்டங்கள் இருந்தன. பொட்டு வைக்கவே செய்ததுபோல. இரண்டிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பூப்போட்டேன். 'இந்த மனுஷன் கண்ணையும் கழுத்தையும் நீதான் காப்பாத்தணும்' என்று கும்பிட்டேன்.

மறுநாள் காலை அவர் அந்தப் பொட்டைப் பார்த்தார். அழிக்கவில்லை. ஷீல்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்கு இஸ்மாயில் பாய் அவரை ரிக்ஷாவில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். வக்கீல் ஆபீசுக்கு ஃபோன் வந்து நான் ஓடிவந்தேன். அவர் முழங்கால் வீங்கி, கட்டிலில் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார்.

நடந்தது இதுதான். ஒரு படகின் பக்கத்தகட்டில், இடுப்பு உயரப் பலகைமேல் நின்று வேலை. ஷீல்டை இறக்கி, இரண்டு வாரப் பழக்கத்தில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பொறி தட்டியிருக்கிறார். கண்ணாடி இருளவில்லை. அத்தனை வெளிச்சமும் நேரே கண்ணில் அடித்திருக்கிறது. திடுக்கிட்டுப் பின்னால் காலை வைத்தார். பின்னால் பலகை இல்லை.

"அவருக்கு ஒண்ணுமே தெரியல பௌதி. 'இஸ்மாயில், எங்கடா இருக்கே'ன்னு கத்தறாரு. நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன்" என்றார் இஸ்மாயில் பாய் இந்தியில். என்னை அவர் வங்காளிகள்போல பௌதி என்றுதான் கூப்பிடுவார், அண்ணி என்பதுபோல. கூடவே கொண்டுவந்திருந்த ஷீல்டைக் காட்டினார். "அந்தச் சைத்தானைத் தூக்கி ஆத்துல போடச் சொல்லுங்க."

பார்வை அரைமணியில் திரும்பிவிட்டது. ஆனால் வெல்டர் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், வெளிச்சம் அடித்த கண் உடனே வலிக்காது. பல மணி நேரம் கழித்துத்தான் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல ஆரம்பிக்கும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவருக்கு வந்து, விடியும்வரை சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்காக அன்று மருந்துக்கடையில் சொட்டு வாங்கிவைத்து, ஈரத்துணி நனைத்து, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். "இன்னும் வரலியா?" என்று நான் கேட்பதும், "இல்ல" என்று அவர் சொல்வதுமாக இரவு போயிற்று. மணல் வரவேயில்லை. காலையில் அவர் கண் இரண்டும் தெளிவாக இருந்தது, ஒரு சிவப்புக்கூட இல்லை.

"உன் பூஜை புண்ணியம்" என்றார்.

ஆனால் ஷீல்டைத் தொடவில்லை. "பேட்டரி செத்திருக்கும். இல்லாட்டி மழை ஈரம் உள்ள போயிருக்கும். இனிமே அதை நம்பி என் கண்ணைத் திறக்க மாட்டேன். நாளைக்குப் பழசையே எடுத்துக்கறேன்."

"கழுத்து?"

அவர் அலமாரி மேலே இருந்த பழைய கழுத்துப்பட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

எனக்கு ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அத்தனை வெளிச்சம் அடித்தும் ஏன் கண் எரியவில்லை? புண்ணியம் என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அந்த மடிப்புத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். எழுத்தைச் சும்மா பார்த்தால் எனக்கு மண்டையில் ஏறாது. டைப் அடித்தால்தான் ஏறும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினில் தாளைச் சொருகி, இங்கிலீஷ் பக்கத்தை முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன்.

நாலாவது வரியில் இருந்தது. கண்ணாடி வெளுத்திருந்தாலும் கறுத்திருந்தாலும், கண்ணை எரிக்கும் கதிர்களை அது எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். இருளாமல் போனால் கண் கூசும், ஆனால் கெடாது. மணல் வராததற்கு அதுதான் காரணம்.

கொஞ்சம் கீழே, தடித்த எழுத்தில் இன்னொரு வரி. சென்சார்களை அப்ஸ்ட்ரக்ட் செய்யாதீர்கள்.

சென்சார் என்றால் அன்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்ஸ்ட்ரக்ட் என் விரலுக்கு மனப்பாடம். பொதுவழியை மறித்தார், சாக்கடையை மறித்தார், எதிர்வாதியின் வெளிச்சத்தையும் காற்றையும் மறித்தார் என்று பத்து வருஷமாக அடித்த வார்த்தை. எதை மறிக்கக்கூடாது? வரிக்குப் பக்கத்தில் படம் இருந்தது. ஒரு விரல், கண்ணாடிக்கு மேலே இருந்த இரண்டு வட்டங்களைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது.

நான் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வக்கீலின் குமாஸ்தா சுந்தரேசன் சார், "என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது? என் புருஷன் கண்ணை நானே கட்டினேன் என்றா?

சனிக்கிழமை அவர் பழைய ஷீல்டோடு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். முந்தின இரவு அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். வெயில் வந்ததும் ஷீல்டை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி பச்சையாகவே இருந்தது. ஈரத்துணியால் ஒரு வட்டத்தைத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. கண்ணாடி இருண்டது. விரலால் அந்த வட்டத்தை மூடினேன். வெளுத்தது. எடுத்தேன். இருண்டது. ஜானகி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, துமி?" என்றாள். நீயா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வட்டங்களையும் நன்றாகத் துடைத்து, ஷீல்டையும் டைப் அடித்த தாளையும் பையில் வைத்து, பட்டறைக்குக் கிளம்பினேன். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அந்தக் கேட்டுக்கு உள்ளே நான் போனதில்லை.

ஹால்தார் பாபு என்னைப் பார்த்துத் திகைத்து எழுந்தார். "பௌதி, ஆப்னி எகானே?" நீங்கள் இங்கே எப்படி என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். என்னை உள்ளே கூட்டிப்போனார். துரு வாசனை, எரிந்த பெயிண்ட் வாசனை, ஆற்றுச் சேற்று வாசனை. ஒரு மூலையில் என் கணவர் கழுத்துப்பட்டையோடு குனிந்துகொண்டிருந்தார். நான் பார்க்கும்போதே கழுத்தை ஒரு வெட்டு வெட்டினார். ஷீல்டு விழுந்தது. அந்த வெட்டு எனக்கே வலித்தது.

என்னைப் பார்த்ததும், "ஜானகிக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. தப்பு என்னோடது. நான் வெச்ச பொட்டு அதோட கண்ணை மூடிடுச்சு." தாளைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஷீல்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விடு. தெரியாம செஞ்சே. ஆனா என்னால முடியாது, தமயந்தி. கண்ணைத் திறந்து வெச்சிருந்தேன், அது அடிச்சுது. இனிமே மனசு வராது" என்றார்.

"அப்ப நான் போட்டுக்கறேன். நீங்க பழசைப் போட்டுக்கிட்டு வேலை பாருங்க. நான் இதுல பாக்கறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"வெயில்ல காட்டி இருபது தடவை பாத்துட்டேன். இருளாட்டியும் கண்ணு கெடாதுன்னு போட்டிருக்கு. உங்க கண்ணு கெடலியே, அதுதானே சாட்சி?"

கோர்ட் வாசலில் பத்து வருஷம் இருந்தால் அப்படித்தான் பேச்சு வரும். இஸ்மாயில் பாய் சிரித்துவிட்டார். ஹால்தார் பாபு மட்டும் கறாராக, எட்டடி தள்ளி நிற்கவேண்டும், தோல் வெளியே தெரியக்கூடாது என்றார். இஸ்மாயில் பாய் தன் தடித்த கோட்டையும் கையுறையையும் கழற்றிக் கொடுத்தார். புடவைமேல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஷீல்டு என் கொண்டையில் இடித்துத் தலையில் உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகக் கோட்டுக்குள் விட்டேன். என் கணவரே வந்து பின்னாலிருந்து திருகை மெதுவாகத் திருகினார். உச்சிப்பட்டையை எனக்காக ஒரு துளை மாற்றினார். கண்ணாடியை என் கண்ணுக்கு நேரே சாய்த்துவிட்டு, குனிந்து என் முகத்தை உள்ளே பார்த்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"கண்ணை மூடிக்கணும்னு தோணும். மூடினாலும் பரவால்ல."

அவர் போய்க் குனிந்தார். பச்சை வெளிச்சத்தில் அவர் கையும், ராடும், துருப்பிடித்த தகடும் தெரிந்தன. அவர் கழுத்தை வெட்டினார். ராடு தகட்டை உரசியது.

நான் கண்ணை மூடவில்லை. அந்த நொடியில் பட்டறை முழுவதும் காணாமல் போயிற்று. இருட்டில் ஒரு மிளகளவு வெள்ளை நெருப்பு மட்டும் நின்றது. அதன் பின்னால் ஒரு சின்னக் குளம். இரும்பு தண்ணீராகக் கிடந்தது! அதன் விளிம்பு நடுங்கி, சுருங்கி, உறைந்தது. அடுத்த விளிம்பு அதன்மேல் ஏறி உறைந்தது. மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போயிற்று. அந்த நெருப்பைப் பிடித்திருந்த கை இம்மிகூட ஆடவில்லை. வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரைப் பெயர்க்கிற மனுஷன்.

ராடு தீர்ந்தது. கண்ணாடி வெளுத்தது. அவர் ஷீல்டை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன? இருண்டுச்சா?"

"இன்னொரு ராடு போடுங்க" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் இன்னொரு ராடு போட்டார். அதற்கும் இருண்டது. மூன்றாவதுக்கு என் தலையிலிருந்து ஷீல்டைத் தானே கழற்றினார். இரண்டு வட்டங்களையும் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். கழுத்துப்பட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். பழையபடி நடுத்துளை, பின்திருகு எல்லாம் தன் தலைக்குச் சரிசெய்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ராடு தகட்டருகே வெகுநேரம் நின்றது. அவர் தோள் இறுகியிருந்ததைப் பார்த்தேன். பிறகு பொறி தெறித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அந்த இரும்புத் தையலை நிறுத்தாமல் கடைசிவரை போட்டார் என்பதைச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

"கண்ணை மூடினீங்களா?" என்று பிறகு கேட்டேன்.

"முதல்ல மூடினேன். அப்புறம் திறந்தேன்."

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஹால்தார் பாபு எங்கள் இரண்டு பேருக்கும் மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கிதிர்பூரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், "எஸ்பிளனேட் வரைக்கும் டிராம்ல போயிட்டு வரலாமா?" என்றார். அவர் வாயில் அப்படி ஒரு பேச்சு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஜானகி பக்கத்து வீட்டில் பட்டம் விட்டுக்கொண்டிருப்பாள் என்ற தைரியத்தில் ஏறிவிட்டேன்.

டிராம் மைதானத்துக்குள் புகுந்து, மரங்களுக்கு நடுவே ஆடி ஆடிப் போயிற்று. அவர் வீங்கிய முழங்காலை நீட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வீட்டில் வேலையைப் பற்றி அதிகம் பேசாதவர். நானும் கேட்டதில்லை. கேட்டால், "இரும்பை இரும்போட ஒட்டறது, வேற என்ன" என்பார்.

அன்று அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்தக் குளத்தோட ஓரத்துல ஒரு வெளுப்பு சுத்திச் சுத்தி ஓடுச்சே, பாத்தியா?"

"பாத்தேன். பால் ஆடை ஒதுங்கற மாதிரி."

"அதேதான்!" என்று என் பக்கம் முழுசாகத் திரும்பினார். வலது பக்கம். "அது கழிவு. அது பின்னாலயே இருக்கணும், முன்னால வந்துட்டா தையல் கெட்டுப்போச்சு. அதை விரட்டிக்கிட்டே போகணும். இஸ்மாயில் வேகமா விரட்டுவான், நான் மெதுவா. கப்பல் அடித்தகட்டுல மெதுவாத்தான் போகணும், ஏன்னா..."

டிராம் எஸ்பிளனேடு போய் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். கண்டக்டர் வந்து என்ன என்பதுபோலப் பார்த்தார். நான் திரும்பிப் போக இரண்டு டிக்கெட் கேட்டு வாங்கினேன். வண்டி கிதிர்பூருக்குத் திரும்பியது. உப்புத்தண்ணீர் தின்ற இரும்பு எப்படி இருக்கும், நல்ல இரும்பு உருகும்போது என்ன சத்தம் போடும், மல்லாந்து படுத்துக்கொண்டு தலைக்கு மேலே போடும் தையல் ஏன் கீழே சொட்டுவதில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு எல்லாம் புரிந்தது. பார்த்துவிட்டேன் அல்லவா.

அந்த ஷீல்டு அதற்குப் பிறகு ஐந்து வருஷம் உழைத்தது. வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜைக்குப் பொட்டு வைத்தேன், பின்மண்டைத் திருகில். அவர் ஸ்டோருக்குப் போகவேயில்லை. இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் கோடவுன் கட்டிவிட்டார்கள் என்று ஜானகி சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமை டிராமில் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசியதும், எதிர் சீட்டில் இருந்த வயதான வங்காளி ஒருவர், ஒரு வார்த்தை புரியாமலே, கிதிர்பூர் வரும்வரை எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்ததும்தான் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.